நிலைத்துவிட்ட ஜோடியை யார் உடைப்பது?

உலகக் கோப்பை நெருங்குகிறது என்றால் போதும், வாட்ஸாப்பில் ஒரு அட்டவணை சுற்றத் தொடங்கிவிடும். கடைசிப் பத்து ஆட்டங்களில் யாருக்கு எத்தனை விக்கெட், எகானமி (ஓவருக்குக் கொடுத்த ரன்) என்ன, யார் ஃபார்மில் இருக்கிறார், யார் இல்லை. பெயருக்கு நேராகப் பச்சை அம்பு, சிவப்பு அம்பு. அடுத்த ஒருநாள் உலகக் கோப்பை 2027 அக்டோபர், நவம்பரில் தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, நமீபியா ஆகிய மூன்று நாடுகளில் நடக்கப்போகிறது. அதற்கான பேச்சு இப்போதே ஆரம்பித்துவிட்டது. பும்ரா வருவாரா, சிராஜா அர்ஷ்தீப்பா, ஷமி அவ்வளவுதானா என்று நண்பர்கள் குழுவில் தினமும் ஒரு வாக்குவாதம்.

இந்த அட்டவணைகளில் உள்ள எண்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் இந்திய அணி பெரிய ஆட்டங்களைத் தோற்கும் இடம் எது என்று அவை சொல்வதில்லை. கொஞ்சம் பின்னோக்கிப் பாருங்கள். மூன்றிலும் எதிரணி ஆஸ்திரேலியா. 2003 இறுதி ஆட்டம்: ரிக்கி பாண்டிங்கும் டேமியன் மார்ட்டினும் கடைசிவரை பிரியாமல் 234 ரன். 2015 அரையிறுதி: ஆரோன் ஃபின்ச்சும் ஸ்டீவ் ஸ்மித்தும் 182. 2023 இறுதி ஆட்டம்: டிராவிஸ் ஹெட்டும் மார்னஸ் லபுஷேனும் 192. மூன்று உலகக் கோப்பைகள், மூன்று வெவ்வேறு பந்துவீச்சுக் கூட்டணிகள், ஒரே மாதிரித் தோல்வி. எதிரணியின் ஒரு ஜோடி நடு ஓவர்களில் நிலைத்துவிட்டது, உடைக்க ஆள் இல்லை. 2019 அரையிறுதியை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அதில் நியூசிலாந்தை 239 ரன்னுக்குள் நிறுத்திக் கொடுத்தார்கள், கோட்டைவிட்டது பேட்டிங். மற்றபடி, ஒரு போட்டிக்கு முன்னால் நம் பந்துவீச்சை எடைபோட வேண்டுமென்றால் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: இருபத்தைந்தாவது ஓவரில், பந்து ஒன்றும் செய்யாதபோது, இரண்டு பேர் ஐம்பதைத் தாண்டி நிற்கும்போது, கேப்டன் யாரிடம் பந்தைக் கொடுப்பார்?

விக்கெட் எண்ணிக்கை எப்படி வழிதவற வைக்கும் என்பதற்கு 2023-ஐவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. செப்டம்பர் 17, கொழும்பு, ஆசியக் கோப்பை இறுதி ஆட்டம். மழையால் தாமதமாகத் தொடங்கியது. சிராஜின் இரண்டாவது ஓவர். முதல் பந்தில் நிசங்கா, மூன்றாவது பந்தில் சமரவிக்ரம, நான்காவது பந்தில் அசலங்கா. ஹாட்ரிக் பந்தைத் தனஞ்ஜய டி சில்வா மிட்-ஆன் பக்கம் தட்டிவிட, பந்தைப் போட்ட சிராஜே எல்லைக்கோடு வரை துரத்திக்கொண்டு ஓடினார். பிடிக்க முடியவில்லை, நான்கு ரன். திரும்பி வந்து போட்ட கடைசிப் பந்தில் அதே தனஞ்ஜய அவுட். ஒரே ஓவரில் நான்கு விக்கெட், மொத்தம் 21 ரன்னுக்கு 6, இலங்கை 50-க்கு ஆல் அவுட். சரி, உலகக் கோப்பைக்கு நமக்கு ஒரு புயல் கிடைத்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தோம்.

அதற்கு ஐந்து நாள் கழித்து மொகாலியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஷமி 51 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார். கொழும்பைப் பற்றிப் பேசியதில் பாதிகூட யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் எடைபோடுகிறவர் பார்க்க வேண்டியது மொகாலியைத்தான். கொழும்பில் ஈரப்பதம் இருந்தது, பந்து ஸ்விங் ஆனது, எதிரணி இரண்டு ஓவரில் நொறுங்கிப்போனது. மொகாலியில் ஆடுகளம் பேட்டிங்குக்கு ஏற்றது. அங்கே ஷமி புதுப் பந்தில் மார்ஷை எடுத்தார், நடுவில் நன்றாக நிலைத்துவிட்ட ஸ்மித்தின் ஸ்டம்பைச் சாய்த்தார், கடைசி ஓவர்களில் வந்து மீதியை எடுத்தார். இன்னிங்ஸின் மூன்று கட்டத்திலும் விக்கெட். அப்படிப்பட்ட ஆள் உலகக் கோப்பையின் முதல் நான்கு ஆட்டங்களில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், எட்டாவது இடத்தில் பேட்டிங் வேண்டும் என்பதற்காக. ஹர்திக் பாண்டியா புனேயில் கணுக்காலைத் திருகிக்கொண்டு வெளியேறியபிறகுதான் அவருக்கு இடம் கிடைத்தது. தர்மசாலாவில் போட்ட முதல் பந்திலேயே வில் யங் போல்ட். ஏழு ஆட்டங்களில் 24 விக்கெட் எடுத்து, அந்தப் போட்டியிலேயே அதிக விக்கெட் எடுத்தவரானார். சிராஜ் பதினொரு ஆட்டங்களில் 14.

இது சிராஜைக் குறைத்துச் சொல்வதற்காக எழுதியது இல்லை. 2025 கோடையில் இங்கிலாந்தில் ஐந்து டெஸ்டிலும் ஓயாமல் ஓடிவந்து 23 விக்கெட் எடுத்த மனிதர் அவர். ஓவலில் ஆறு ரன்னில் ஜெயித்த அந்தக் கடைசி நாள் காலையை இன்னும் எத்தனை வருடம் ஆனாலும் மறக்க மாட்டேன். நான் சொல்வது அளவுகோலைப் பற்றி. ஒரு பந்துவீச்சாளரின் ஆறு விக்கெட் எந்தப் பந்தில், எந்த வானிலையில், எத்தனையாவது ஓவரில் வந்தது என்று பிரித்துப் பார்க்காவிட்டால் அந்த ஆறு நமக்கு ஒன்றும் சொல்லாது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? அதே 2023 உலகக் கோப்பையில், லக்னோவில் பென் ஸ்டோக்ஸை ஷமி வீழ்த்திய அந்த ஸ்பெல்லை (ஒரே மூச்சில் தொடர்ந்து போடும் ஓவர்களை) திரும்பப் போட்டுப் பாருங்கள். இங்கிலாந்துக்கு இலக்கு 230தான். ஸ்டோக்ஸ் இடதுகை ஆட்டக்காரர், ஷமி அரவுண்ட் த விக்கெட்டிலிருந்து வருகிறார். கை உயரத்தில் பந்து வெளியே வரும்போது தையல் அசையாமல் நிமிர்ந்து நிற்கிறது. லெங்த், அதாவது பந்து தரையில் படும் தூரம், ஒவ்வொரு பந்திலும் ஏறக்குறைய ஒரே இடம்: முன்னால் கால் வைத்தால் பந்து எட்டாது, பின்னால் போனால் நேரம் போதாது. ஸ்டோக்ஸ் ஒன்றைத் தடுக்கிறார், ஒன்றை விடுகிறார், ஒன்று மட்டையைத் தாண்டிப் போகிறது. ரன் வரவில்லை. பத்தாவது பந்தில் பொறுமை இழந்து லெக் பக்கம் ஒதுங்கி வீசப் பார்க்கிறார், ஸ்டம்ப் பறக்கிறது. பத்துப் பந்தில் பூஜ்யம். ஸ்கோர்கார்டில் அது 'பௌல்டு ஷமி 0' என்ற ஒரு வரி. அந்த விக்கெட்டை எடுத்தது அதற்கு முன்னால் போட்ட ஒன்பது பந்துகள்.

அதனால் ஒரு தொடரைப் பார்க்கும்போது விக்கெட் விழுந்த பந்தைவிட விழாத பந்துகளைத்தான் நான் கவனிக்கிறேன். நல்ல பேட்ஸ்மேன் தடுத்து ஆடும்போது பந்து மட்டையின் எந்த உயரத்தில் படுகிறது? விக்கெட் கீப்பர் கையுறையை மார்புக்கு நேரே வைத்து எடுக்கிறாரா, முட்டிக்குக் கீழே குனிகிறாரா? இரண்டாவது ஸ்பெல்லுக்கு வரும்போது ஓட்டம் முதல் ஸ்பெல்லைப் போலவே இருக்கிறதா, கிரீஸை நெருங்கும்போது தயங்குகிறதா? இரண்டாவது ஸ்பெல்தான் வேகப்பந்து வீச்சாளரின் உடம்பு எப்படி இருக்கிறது என்று உண்மையைச் சொல்லும். முதல் ஸ்பெல்லில் ஆவேசமே பாதி வேலையைச் செய்துவிடும்.

பும்ரா முதுகு அறுவை சிகிச்சை முடிந்து 2023 ஆகஸ்டில் அயர்லாந்தில் திரும்பி வந்தபோது போட்ட முதல் ஓவர் இதற்கு நல்ல சாட்சி. முதல் பந்தை பால்பர்னி நான்குக்கு அடித்தார். இரண்டாவது பந்து இன்சைட் எட்ஜ் வாங்கி ஸ்டம்பில் விழுந்தது. அதே ஓவரில் டக்கரும் கீப்பரிடம் கேட்ச். எல்லோரும் அந்த இரண்டு விக்கெட்டைக் கொண்டாடினார்கள். எனக்கு நிம்மதி தந்தது வேறு. ஏறக்குறைய ஒரு வருடம் ஆடாமல் இருந்தவர், முதல் பந்தில் அடிவாங்கியபிறகும் முழு வேகத்தில், முழு நம்பிக்கையோடு முன் காலை ஊன்றினார். அடிபட்ட உடம்பு தன்னைத்தானே காத்துக்கொள்ளப் பார்க்கும். அந்தத் தயக்கம் அவரிடம் இல்லை. அந்த உலகக் கோப்பையில் அவர் எடுத்தது 20 விக்கெட், ஓவருக்கு நான்கு ரன் சொச்சம்.

போட்டிக்கு முந்தைய முடிவுகளை வைத்து மட்டும் கணித்திருந்தால் 2015-இல் அந்தக் கணிப்பில் எல்லோரும் தோற்றுப்போயிருப்போம். அந்த முறை நம் அணி நவம்பரிலேயே ஆஸ்திரேலியா போய்விட்டது. நான்கு டெஸ்ட். நான்கிலும் முதல் இன்னிங்ஸில் ஆஸ்திரேலியா 500-ஐத் தாண்டியது: அடிலெய்டில் 517, பிரிஸ்பேனில் 505, மெல்போர்னில் 530, சிட்னியில் 572. அப்புறம் இங்கிலாந்தும் சேர்ந்த முத்தரப்புத் தொடர். அதில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. போதாக்குறைக்கு இஷாந்த் சர்மா காயத்தால் விலக, மோகித் சர்மா உள்ளே வந்தார். நம்பிக்கை வைக்க ஒரு காரணமும் தெரியவில்லை.

அப்புறம் உலகக் கோப்பை தொடங்கியது. பாகிஸ்தான் 224, தென்னாப்பிரிக்கா 177, அமீரகம் 102, மேற்கிந்தியத் தீவுகள் 182, அயர்லாந்து 259, ஜிம்பாப்வே 287, காலிறுதியில் வங்கதேசம் 193. தொடர்ந்து ஏழு ஆட்டம், ஏழிலும் எதிரணி ஆல் அவுட். எழுபதுக்கு எழுபது விக்கெட். உமேஷ் 18, ஷமி 17 என்று முடித்தார்கள். எங்கிருந்து வந்தது இது? மூன்று மாதம் அந்த மண்ணிலேயே கிடந்ததில் வந்தது என்றுதான் நினைக்கிறேன். அடிவாங்கி அடிவாங்கியே அந்தப் பிட்ச்களில் எந்த லெங்த்தில் போட்டால் பந்து நெஞ்சுக்கு எழும்பும், எங்கே போட்டால் இடுப்பில் வசதியாக வந்து நிற்கும் என்று அவர்கள் உடம்பே கற்றுக்கொண்டது. டெஸ்டில் அவர்களை எதிர்கொண்டவர்கள் சொந்த மண்ணில் ஆடிய ஸ்மித்தும் வார்னரும். உலகக் கோப்பைக் குழு ஆட்டங்களில் வந்தவர்களில் பலருக்கு அந்தத் துள்ளல் புதிது. அரையிறுதியில் மறுபடி ஸ்மித் வந்தார். 105 அடித்தார். ஆஸ்திரேலியா 328. அஸ்வின் பத்து ஓவரில் 42 ரன்தான் கொடுத்தார், ஆனால் ஒருபக்கம் மட்டும் இறுக்கி என்ன பயன்.

ஆக, தோற்ற தொடரிலும் பந்துவீச்சு வளரலாம், ஜெயித்த தொடரிலும் ஓட்டை மறைந்திருக்கலாம். 2023 இறுதி ஆட்டம் இரண்டாவது வகை. பத்து ஆட்டம் தொடர்ந்து ஜெயித்திருந்தோம். ஹர்திக் போனபிறகு நம்மிடம் சரியாக ஐந்தே பந்துவீச்சாளர்கள். புனேயில் ஹர்திக் மூன்று பந்து போட்டுவிட்டு விழுந்தபோது, அந்த ஓவரின் மீதி மூன்று பந்தை கோலி போட்டு முடித்தார். ஆறாவது ஆள் இல்லை என்பது அன்றைக்கே கண்முன்னால் தெரிந்தது. ஆனால் அந்த ஐந்து பேரும் எதிரணிகளை 55, 83, 129 என்று சுருட்டிக்கொண்டிருந்ததால் ஆறாவது ஆளின் தேவையே எழவில்லை. அகமதாபாத்தில் எழுந்தது. 241 இலக்கு, ஆஸ்திரேலியா 47-க்கு 3. அதுவரை எல்லாம் சரி. அதற்கப்புறம் குல்தீப் பத்து ஓவர், 56 ரன், விக்கெட் இல்லை. ஜடேஜா பத்து ஓவர், 43 ரன், விக்கெட் இல்லை. இரண்டுமே மோசமான கணக்கு கிடையாது. கட்டுப்படுத்தினார்கள், உடைக்க முடியவில்லை. வேறு மாதிரி ஒன்றை முயன்று பார்க்க ரோஹித்திடம் ஆள் இல்லை. சிராஜ் கடைசியில் ஹெட்டை அவுட் ஆக்கினார், வெற்றிக்கு இரண்டு ரன் மட்டுமே பாக்கியிருந்தபோது.

2017 சாம்பியன்ஸ் கோப்பை இறுதி ஆட்டமும் இதே ஜாதி. பாகிஸ்தானின் ஃபக்கர் ஜமான் மூன்று ரன்னில் இருந்தபோது பும்ராவின் பந்தில் கீப்பரிடம் கேட்ச், பார்த்தால் நோ பால். அந்த ஒரு அங்குலத்தை இன்னும் பேசுகிறோம். ஆனால் அஸ்வினும் ஜடேஜாவும் சேர்ந்து பதினெட்டு ஓவரில் 137 ரன் கொடுத்து ஒரு விக்கெட்கூட எடுக்கவில்லை என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. அந்த ஆட்டத்துக்குப் பிறகுதான் குல்தீப், சஹல் என்று மணிக்கட்டுச் சுழல் பக்கம் அணி திரும்பியது.

சுழல் பந்துவீச்சாளரின் ஃபார்மை வேறு விதமாகப் பார்க்க வேண்டும். வேகப்பந்துக்காரர் தொடரில் திணறினாலும் உடம்பு நன்றாக இருந்தால் போட்டியில் எழுந்துவிடுவார். மணிக்கட்டுச் சுழல் அப்படியில்லை. அதற்கு அடிவாங்கியபிறகும் அடுத்த பந்தைத் தூக்கிப் போடும் துணிச்சல் வேண்டும். அது ஒருமுறை போனால் உடனே திரும்பாது. 2019 ஐபிஎல்லில் குல்தீப் ஒன்பது ஆட்டங்களில் நான்கு விக்கெட் எடுத்து, தன் ஐபிஎல் அணியிலிருந்தே விலக்கப்பட்டார். அந்த மார்ச்சில் மொகாலியில் 359 இலக்கை ஆஸ்திரேலியா எட்டிப்பிடித்தபோதே நடு ஓவர்களில் நம் பல் பிடுங்கப்பட்டிருந்தது தெரிந்தது. அந்த எச்சரிக்கை அப்படியே பலித்தது. அந்த ஆண்டு உலகக் கோப்பையில், பர்மிங்ஹாமில் இங்கிலாந்துக்கு எதிராகச் சஹல் பத்து ஓவரில் 88, குல்தீப் 72, இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு விக்கெட்.

பிறகு முழங்கால் அறுவை சிகிச்சை, அணிக்கு வெளியே நீண்ட காலம், அதற்கப்புறம் வந்த குல்தீப் வேறு ஆள். ஓட்டம் நேரானது, கை வேகம் கூடியது, பந்து காற்றில் இருக்கும் நேரம் குறைந்தது. பேட்ஸ்மேனால் பின்னங்காலில் நின்று கையைப் பார்த்து ஆட முடியவில்லை. 2025 சாம்பியன்ஸ் கோப்பை இறுதி ஆட்டம், துபாய். நியூசிலாந்தின் ரச்சின் ரவீந்திரா 37 ரன் அடித்து ஆட்டத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார். பதினோராவது ஓவருக்குக் குல்தீப் வருகிறார். முதல் பந்து கூக்ளி (வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பும் பந்து), ரச்சின் போல்ட். அடுத்த ஓவரில் கேன் வில்லியம்சன் அவர் கையிலேயே கேட்ச் கொடுத்தார். குல்தீப், வருண் சக்கரவர்த்தி, ஜடேஜா, அக்ஷர் நால்வரும் சேர்ந்து அன்றைக்கு 38 ஓவர் போட்டு 144 ரன்தான் கொடுத்தார்கள், ஐந்து விக்கெட். பும்ரா இல்லாமலே கோப்பை வந்தது. வருண் முதலில் அறிவித்த அணியில்கூட இல்லை. ஜெய்ஸ்வாலுக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்டு, மூன்று ஆட்டங்களில் 9 விக்கெட் எடுத்தார். ஒரு ஜோடி நிலைக்கும்போதெல்லாம் வேறு வகையான ஒருவரைக் கொண்டுவர ரோஹித்துக்கு அங்கே முடிந்தது.

ஆனால் 2027 துபாயில் நடக்கவில்லை. மொத்தம் 54 ஆட்டங்களில் 44 தென்னாப்பிரிக்காவில். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல்; அங்கே அடித்த பந்து நிற்காமல் பறக்கும், பந்து துள்ளவும் செய்யும். டர்பன் கடற்கரை ஊர், ஈரக்காற்று. 2003-இல் வீங்கிய கணுக்காலோடு வந்து ஆசிஷ் நெஹ்ரா 23 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தது அங்கேதான். பார்ல் மெதுவான ஆடுகளம், கிட்டத்தட்ட நம்மூர் பிட்ச் மாதிரி. இந்த வித்தியாசம் தெரியாமல் "தென்னாப்பிரிக்கா என்றால் வேகம்" என்று பேசுவது சரியில்லை. 2018-இல் ஆறு ஆட்டத் தொடரை அங்கே 5-1 என்று ஜெயித்தோம். குல்தீப்புக்கு 17 விக்கெட், சஹலுக்கு 16. தோற்ற ஒரே ஆட்டம் ஜோகன்னஸ்பர்க்கின் வாண்டரர்ஸ் மைதானத்தில், மழை குறுக்கிட்டு ஓவர் குறைந்த நாளில். நான்கு வருடம் கழித்து 2022-இல் அதே நாட்டில் 3-0 தோல்வி. பார்லில் பவுமாவும் வான் டெர் டசனும் 204 ரன் சேர்த்தார்கள். மறுபடி அதே கதை, நடு ஓவரில் ஒரு ஜோடி.

2003 இறுதி ஆட்டத்தில் எல்லோருக்கும் நினைவிருப்பது ஜாகீர் கானின் முதல் ஓவர், 15 ரன். எனக்கு அதைவிட உறுத்துவது வேறொன்று. கும்ப்ளே வெளியே உட்கார்ந்திருக்க, ஷேவாக், டெண்டுல்கர், மோங்கியா, யுவராஜ் நால்வரும் சேர்ந்து பதினைந்து ஓவர் போட்டார்கள். விழுந்த இரண்டு விக்கெட்டையும் எடுத்தது ஹர்பஜன். உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், பாண்டிங்குக்கு எதிராக, பதினைந்து ஓவர் பகுதிநேரப் பந்துவீச்சு.

இந்த முறை விதியும் மாறியிருக்கிறது. 2011-இலிருந்து ஒருநாள் ஆட்டத்தில் இரண்டு முனையிலும் தனித்தனிப் புதுப் பந்து. எந்தப் பந்தும் 25 ஓவருக்கு மேல் பழசாகாது, அதனால் பழைய பந்து காற்றில் வளையும் ரிவர்ஸ் ஸ்விங் ஏறக்குறைய காணாமல் போனது. 2025 ஜூலையிலிருந்து 34 ஓவர் வரைதான் இரண்டு பந்து. 35-ஆவது ஓவரிலிருந்து இரண்டில் ஒன்றைப் பந்துவீசும் அணி தேர்ந்தெடுத்து அதையே கடைசிவரை வீச வேண்டும். ஆட்டம் முடியும்போது அந்தப் பந்துக்கு வயது 33 ஓவர். இது கேப்டனுக்கும் பந்துவீச்சாளருக்கும் எவ்வளவு பெரிய விஷயம் என்று இன்னும் யாரும் சரியாகப் பேசவில்லை என்பது என் அபிப்பிராயம். ஒரு முனையில் சுழல், மறுமுனையில் வேகம் என்று போட்டுக்கொண்டே வந்தால் இரண்டு பந்தும் வேறுவேறு விதமாகத் தேயும். எதைக் கெட்டியாக வைத்திருப்பது, எதைத் தேயவிடுவது, 35-ஆவது ஓவரில் யார் போடப்போகிறார் என்பதையெல்லாம் பதினைந்தாவது ஓவரிலேயே யோசிக்க வேண்டும். எச்சில் தடவவும் தடை இருக்கிறது. பழைய பந்தில் யார்க்கரும், வேகம் மாற்றிய பந்தும் போடத் தெரிந்தவர்களுக்கு மதிப்பு கூடும். அப்படிப்பட்டவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள், பும்ராவும் அர்ஷ்தீப்பும். டெத் ஓவர்களை, அதாவது இன்னிங்ஸின் கடைசி ஓவர்களைப் பற்றி எனக்கு அதிகம் கவலை இல்லை.

அர்ஷ்தீப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் வாண்டரர்ஸில் அவர் 37 ரன்னுக்கு 5 எடுத்தார், தென்னாப்பிரிக்கா 116-க்குச் சுருண்டது. அதே தொடரில் பார்லில் 30 ரன்னுக்கு 4. ஒன்று துள்ளும் பிட்ச், மற்றொன்று மெதுவான பிட்ச். மூன்று ஆட்டத் தொடரில் பத்து விக்கெட். 2024 டி20 உலகக் கோப்பைக்கு முன்னால் ஐபிஎல்லில் ரன்னை வாரிக்கொடுக்கிறார் என்று அவரை எல்லோரும் திட்டினார்கள். போய் 17 விக்கெட் எடுத்துவிட்டு வந்தார். ஐபிஎல் ஆடுகளத்தில், கூடுதல் பேட்ஸ்மேன் இறங்கும் விதியோடு, எகானமியைப் பார்த்து ஒருவரை எழுதித் தள்ளக்கூடாது.

கவலை எங்கே இருக்கிறது என்றால், அணி தேர்வில் பழைய பழக்கம் இன்னும் போகவில்லை. 2025 அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் மூன்று ஒருநாள் ஆட்டம். பெர்த்திலும் அடிலெய்டிலும் குல்தீப் வெளியே. எட்டாவது இடம்வரை பேட்டிங் வேண்டும் என்ற அதே கணக்கு. இரண்டிலும் தோல்வி. சிட்னியில் அவரைச் சேர்த்தார்கள். ஆஸ்திரேலியா 183-க்கு 3 என்று நல்ல நிலையில் இருந்தது, அங்கிருந்து 236-க்கு ஆல் அவுட். அன்றைக்கு நான்கு விக்கெட் எடுத்தவர் ஹர்ஷித் ராணா, குல்தீப்புக்குக் கிடைத்தது கொஞ்சம்தான். இருந்தாலும் ஒரு முனையில் அடிக்க அஞ்ச வைக்கும் ஒருவர் இருந்தால் மறுமுனையில் இருப்பவருக்கு விக்கெட் விழும். இதை எந்த அட்டவணையாலும் காட்ட முடியாது. டிசம்பரில் ராய்ப்பூரில் தென்னாப்பிரிக்கா 359 இலக்கை எட்டியபோது பலர் பதறினார்கள். இரவுப் பனியில் நனைந்த பந்தோடு நடந்த ஆட்டத்தை வைத்து நான் எந்த முடிவுக்கும் வர மாட்டேன்.

பும்ரா 2025 முழுவதும் ஒரு ஒருநாள் ஆட்டம்கூட ஆடவில்லை. அது சரியான முடிவு. 2027 அக்டோபரில் அவருக்கு 33 வயது, முதுகில் ஏற்கெனவே ஒருமுறை கத்தி வைத்தாகிவிட்டது. அவர் ஃபார்மைப் பற்றி எனக்குக் கேள்வியே இல்லை. போட்டிக்கு முன்னால் ஒரு தொடரில் பத்து ஓவரை முழுதாக, இரண்டு மூன்று ஸ்பெல்லாகப் போட்டால் போதும். ஷமியைப் பொறுத்தவரை, சாம்பியன்ஸ் கோப்பையில் ஒன்பது விக்கெட் எடுத்தபிறகு 2025-இல் அவர் இந்தியாவுக்கு ஆடவே இல்லை. மனசு கேட்கவில்லை என்றாலும், 2027-இல் 37 வயதில் அவரை எதிர்பார்ப்பது நியாயமில்லை. அவர் செய்த நடு ஓவர் வேலையை, ஆடுகளத்தை ஓங்கி அடித்து லெங்த்திலிருந்து பந்தை எழுப்பும் வேலையை, இனி ஹர்ஷித்தும் பிரசித் கிருஷ்ணாவும்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இருவருமே உயரம். இருவரிடமும் நான் பார்க்கப்போவது புதுப் பந்தை அல்லாமல் இருபதாவது ஓவருக்கு மேல் அவர்கள் போடும் நான்கு ஓவர் ஸ்பெல்லைத்தான்.

என் அணியில் குல்தீப்பும் வருணும் ஒன்றாக ஆடுவார்கள், வாண்டரர்ஸாக இருந்தாலும் சரி. ஹர்திக் ஆறு ஓவராவது போடும் உடம்போடு இருக்க வேண்டும். முடியாவிட்டால் அந்த இடத்துக்கு நிதிஷ் குமார் ரெட்டியை இப்போதிலிருந்தே ஒருநாள் ஆட்டங்களில் நடு ஓவர்களில் பந்துவீச விட வேண்டும், இரண்டு ஓவர் போட்டுவிட்டு ஒளித்துவைக்கக்கூடாது. பேட்டிங் ஏழாவது இடத்தோடு முடிந்தால் முடியட்டும். 300 அடித்துவிட்டு 192 ரன் ஜோடியை வேடிக்கை பார்ப்பதைவிட, 280 அடித்துவிட்டு அதை நூறில் உடைக்கும் அணியைத்தான் நான் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்புவேன்.